புனிதர் வணக்கமும் பரிந்துரையும்: கத்தோலிக்கத் திருஅவையின் புரிதல்

வணக்கத்தின் எல்லை

கத்தோலிக்க நம்பிக்கையில் புனிதர் என்பவர் ஒரு மனிதர். கிறிஸ்துவின் அருளைப் பெற்று, அதற்கேற்ப வாழ்ந்து, இறந்தபின் இறைவனை நேருக்கு நேர் காணும் பேற்றை அடைந்தவர் என்று திருஅவை அவரைப் பற்றி உறுதி கூறுகிறது. அவர் தெய்வமாக உயர்த்தப்படுவதில்லை. தாமாக அருள் வழங்கும் ஆற்றலும் அவருக்கு இல்லை. அவரிடம் காணப்படும் நன்மை முழுவதும் இறைவனிடமிருந்து வந்தது. ஆகவே அவரைப் போற்றுவது அந்த நன்மையின் ஊற்றைப் போற்றுவதாகவே முடிகிறது. தருபவர் கடவுள், புனிதர் மக்களோடு சேர்ந்து கேட்பவர். புனிதர் வணக்கம் பற்றிய கத்தோலிக்கப் போதனை முழுவதும் இந்த ஒரு கருத்தின் விரிவே ஆகும்.

படைத்து மீட்கும் கடவுளுக்கு மட்டும் செலுத்துவது ஆராதனை. அவருடைய அடியாராக வாழ்ந்தவருக்குச் செலுத்துவது வணக்கம். இறைவனின் தாயாகிய மரியாவுக்கு உரியது மேலான வணக்கம். இறையியல் நூல்கள் இவற்றை முறையே லாத்ரியா, தூலியா, ஹிப்பர்தூலியா என்று குறிக்கின்றன. மரியாவுக்குரிய வணக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வகைக்குள்ளேயே நிற்கும், ஆராதனையாக மாறாது. படைப்புக்கும் படைத்தவருக்கும் இடையே உள்ள தொலைவைப் படிப்படியாக ஏறிக் கடக்க முடியாது.

வெளிப்பார்வைக்கு இந்த வேறுபாடு உடனே தெரிவதில்லை. முழந்தாளிடுதல், மெழுகுவர்த்தி ஏற்றுதல், தூபம் காட்டுதல் ஆகியவை இரண்டிலும் உண்டு. வேறுபாடு தெளிவாகும் இடம் திருப்பலி. எந்தப் புனிதருக்கும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. அந்தோணியார் திருவிழாத் திருப்பலியும் தந்தையாகிய கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அன்றைய மன்றாட்டில் அந்தோணியார் நினைவுகூரப்படுகிறார். மனிக்கேயரான ஃபாவுஸ்துக்கு மறுப்பு எழுதிய ஹிப்போ ஆயர் அகுஸ்தீனார் இதே அளவுகோலைத்தான் முன்வைத்தார்: மறைச்சாட்சிகளின் நினைவிடத்தில் பீடம் எழுப்பினாலும் பலி கடவுளுக்கே உரியது. புனிதர்களின் மன்றாட்டுமாலையும் இந்த ஒழுங்கிலேயே செல்கிறது. மூவொரு கடவுளிடம் இரக்கம் கேட்கப்படுகிறது. புனிதர்களிடமோ, மக்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி மட்டும் கேட்கப்படுகிறது.

விவிலிய அடித்தளம்

பிறருக்காக மன்றாடுவது விவிலியம் நெடுகக் காணப்படும் வழக்கம். சோதோம் நகருக்காக ஆபிரகாம் இறைவனிடம் மீண்டும் மீண்டும் பேசுகிறார் (தொடக்க நூல் 18). பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே மன்றாடுகிறார் (விடுதலைப் பயணம் 32). யோபுவின் நண்பர்கள் தவறாகப் பேசியபோது, அவர்களுக்காக யோபு மன்றாட வேண்டும் என்று இறைவனே பணிக்கிறார் (யோபு 42). திருத்தூதர் பவுல் தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு உரோமைச் சபையைக் கேட்கிறார் (உரோமையர் 15). நேர்மையாளரின் மன்றாட்டுக்கு மிகுந்த ஆற்றல் உண்டு என்று யாக்கோபின் திருமுகம் கற்பிக்கிறது. இதுவரையில் கிறிஸ்தவ சபைகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. இறப்புக்குப் பின்னும் இந்த உறவு தொடர்கிறதா என்பதே கேள்வி.

தொடர்கிறது என்கிறது கத்தோலிக்கத் திருஅவை. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுள் வாழ்வோரின் கடவுள் என்று இயேசு சதுசேயருக்கு விடை கூறுகிறார் (லூக்கா 20). திருவெளிப்பாடு நூலின் 5ஆம் அதிகாரத்தில் விண்ணகத்தின் மூப்பர்கள் இறைமக்களின் வேண்டுதல்களைத் தூபக் கிண்ணங்களில் ஏந்தி நிற்கிறார்கள். மக்கபேயர் இரண்டாம் நூலின் 15ஆம் அதிகாரத்தில், இறந்துபோன தலைமைக் குரு ஓனியாவும் இறைவாக்கினர் எரேமியாவும் இஸ்ரயேல் மக்களுக்காக மன்றாடுவதை யூதா மக்கபே கனவில் காண்கிறார். இந்நூலைக் கத்தோலிக்கரும் கீழைச் சபையினரும் திருமறை நூலாக ஏற்கின்றனர். புரட்டஸ்தாந்து சபைகள் அவ்வாறு ஏற்பதில்லை. பரிந்துரை பற்றிய வாதத்தில் இந்த வேறுபாட்டுக்கும் இடமுண்டு.

தனித்தனி வசனங்களைவிட ஆழமான அடித்தளம் ஒன்று உண்டு. கிறிஸ்துவில் நம்பிக்கை கொண்டோர் அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்கிறார் பவுல். அந்த உடலிலிருந்து சாவு எவரையும் துண்டிப்பதில்லை. மண்ணில் பயணம் செய்வோர், இறந்தபின் தூய்மை பெறுவோர், விண்ணக மாட்சியில் இருப்போர் ஆகிய மூன்று நிலையினரும் ஒரே திருஅவை. திருத்தூதரின் நம்பிக்கை அறிக்கை கூறும் புனிதர்களின் உறவு ஒன்றிப்பு இதுவே. மண்ணில் இருந்தபோது பிறருக்காக வேண்டியவர், அன்பு முழுமை பெற்ற இடத்தில் வேண்டுதலை நிறுத்திவிடுவார் என்று எண்ணக் காரணமில்லை.

மறைச்சாட்சிகளின் கல்லறைகளில்

புனிதர் வணக்கம் எந்தச் சங்கத்தின் ஆணையாலும் தோன்றியதன்று, கல்லறைகளில் தோன்றியது. இன்றைய துருக்கியின் இஸ்மீர், அன்றைய ஸ்மிர்னா. அதன் ஆயர் போலிக்கார்ப் 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கொல்லப்பட்டார். அந்நகரச் சபை பிலோமேலியம் சபைக்கு எழுதிய மடல் இன்றும் உள்ளது. கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவை விட்டுவிட்டு போலிக்கார்ப்பை வழிபடத் தொடங்குவார்கள் என்று சொல்லி, அவருடைய உடலைத் தரவிடாமல் சிலர் தடுத்ததை மடல் தெரிவிக்கிறது. அதற்கு விடையும் தருகிறது: கிறிஸ்துவை இறைமகனாக ஆராதிக்கிறோம், மறைச்சாட்சிகளை அவருடைய சீடர்களாக அன்பு செய்கிறோம் என்பது அதன் சாரம். பின்னர் அவருடைய எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்ததையும், ஆண்டுதோறும் அவர் சாட்சியாக இறந்த நாளை விண்ணகப் பிறந்தநாளாகக் கொண்டாட எண்ணியிருப்பதையும் மடல் கூறுகிறது. திருப்பண்டம், கல்லறை, திருநாள் ஆகியவையும் அவற்றுக்குரிய எல்லையும் அந்த ஒரே மடலில் அமைந்துவிட்டன.

உரோமை நகரின் ஆப்பியா நெடுஞ்சாலையில் புனித செபஸ்தியார் ஆலயத்தின் அடியில் ஒரு பழைய சுவர் உண்டு. பேதுருவையும் பவுலையும் பெயர் சொல்லி அழைத்து, தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு எளிய மக்கள் கீறிவைத்த நூற்றுக்கணக்கான எழுத்துகள் அதில் உள்ளன. இவற்றுள் பல 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பரிந்துரை வேண்டல் மக்களின் வாயிலும் கையிலும் இருந்ததற்கு இச்சுவர் சான்று.

313இல் பேரரசின் துன்புறுத்தல் ஓய்ந்தபின், குருதி சிந்தாமலே கிறிஸ்துவுக்குச் சாட்சியாக வாழ்ந்தவர்களும் வணக்கம் பெற்றனர். எகிப்தின் பாலைநிலத் துறவி அந்தோணியார், தூர் நகர ஆயர் மார்ட்டின் ஆகியோர் அவ்வரிசையில் முன்னவர்கள். அக்காலத்திலேயே மிகைகளும் தோன்றின, திருத்தங்களும் நிகழ்ந்தன. அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, தம் ஆப்பிரிக்க ஊர் வழக்கப்படி மறைச்சாட்சிகளின் நினைவிடங்களுக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் படைக்க எடுத்துச் செல்வார். மிலான் நகரில் ஆயர் அம்புரோசு இதற்குத் தடை விதித்திருந்தார். மோனிக்கா அதை ஏற்று, உணவுக்குப் பதிலாக மன்றாட்டைக் கொண்டுசென்றார். கொடுக்க முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். மகன் இதைத் தம் தன்வரலாற்று நூலில் நன்றியோடு பதிவு செய்கிறார். மக்களின் பக்தியை ஒழிக்காமல் நெறிப்படுத்துவது திருஅவையின் வழி என்பதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

சங்கங்களும் விவாதங்களும்

8ஆம் நூற்றாண்டில் பிசாந்தியப் பேரரசில் திருவுருவங்களுக்கு எதிரான அலை எழுந்தது. 754இல் கூடிய ஹியரியா மன்றம் அவற்றைக் கண்டித்தது. இறைமகன் மனித உடல் எடுத்தபின் அவரை வரைந்து காட்டுவது முறையே என்று தமஸ்கு யோவான் வாதாடினார். 787இல் இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் முடிவு கூறியது: திருவுருவத்துக்குச் செய்யும் மரியாதை அது சுட்டும் ஆளைச் சென்றடைகிறது, ஆராதனையோ இறைவனுக்கே உரியது. மரத்துக்கும் சாயத்துக்கும் தனி ஆற்றல் எதுவும் இல்லை என்பது இதன் உட்பொருள்.

இடைக்காலத்தில் திருப்பண்டங்கள் விலைபோயின, ஐயத்துக்குரியவை பரவின. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அவற்றை விற்பதைத் தடைசெய்தது. புதிதாகக் கண்டெடுக்கப்பட்டவற்றுக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் வேண்டும் என்றது. எனினும் முறைகேடுகள் முற்றாக ஒழியவில்லை. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளின் எதிர்ப்புக்கு இவையும் காரணமாயின. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, புனிதர்களின் நம்பிக்கையை முன்மாதிரியாக நினைவுகூரலாம் என்று ஏற்றது; அவர்களிடம் உதவி கேட்பதை மறுத்தது. கிறிஸ்து ஒருவரே இணைப்பாளர் என்பது அதன் முதன்மையான காரணம்.

திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில், தன் கடைசி அமர்வில் இதற்கு விடை தந்தது. கிறிஸ்துவோடு ஆட்சி செய்யும் புனிதர்கள் மக்களுக்காக மன்றாடுகிறார்கள் என்றும், அவர்களைத் துணைக்கு அழைப்பது நல்லது, பயனுள்ளது என்றும் அது கற்பித்தது. நன்மைகள் வருவது ஒரே மீட்பராகிய கிறிஸ்துவின் வழியாகவே என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னது. மூடநம்பிக்கையும் பண ஆசையும் களியாட்டமும் விழாக்களிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று ஆயர்களைப் பணித்தது.

எழும் வினாக்கள்

முதல் வினா, இணைப்பாளர் ஒருவரே என்ற போதனையைப் பற்றியது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகக் கூறுகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், எல்லாருக்காகவும் மன்றாடுங்கள் என்று பவுல் கேட்கிறார். மனிதர் மனிதருக்காக மன்றாடுவது கிறிஸ்துவின் இணைப்புப் பணிக்குப் போட்டி என்றால், இந்த இரண்டு கூற்றுகளும் ஒன்றாக நிற்க முடியாது. புனிதரின் வேண்டுதல் கிறிஸ்துவின் வேண்டுதலுக்குள் நிகழ்கிறது. அதிலிருந்தே ஆற்றல் பெறுகிறது. மரியாவின் துணை கிறிஸ்துவின் ஒரே இணைப்புப் பணியைக் குறைப்பதும் இல்லை, அதனோடு எதையும் கூட்டுவதும் இல்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருஅவை பற்றிய ஏட்டில் விளக்கியது.

இரண்டாவது வினா: கடவுளிடம் நேராகவே கேட்கலாமே? தாராளமாகக் கேட்கலாம். ஒவ்வொரு கத்தோலிக்கரும் நாள்தோறும் அவ்வாறே கேட்கிறார். புனிதரிடம் பரிந்துரை கேட்பது மீட்புக்கு இன்றியமையாதது என்று திரெந்து சங்கம் சொல்லவில்லை. மேலதிகாரியை இளகவைக்க உள்ளே செல்வாக்குள்ள ஒருவரைப் பிடித்துச் சிபாரிசுக் கடிதம் வாங்குவதைப் போலப் பரிந்துரையைக் கருதுவது பெரும் பிழை. கடவுள் மனமிரங்கத் தயங்குபவர் அல்லர். புனிதரின் இரக்கமே அவரிடமிருந்து வந்ததுதான். தம் மக்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து நன்மைகளைப் பெற வேண்டும் என்பது அவருடைய திருவுளம். தோமா அக்குவினார் இதைக் கூர்மையாகப் பிரித்துக் காட்டுகிறார். வேண்டியதை நிறைவேற்றித் தருபவர் என்று கடவுளிடம் வேண்டுகிறோம். தங்கள் மன்றாட்டால் அதைப் பெற உதவுபவர்கள் என்று புனிதரிடம் வேண்டுகிறோம் என்பது அவர் விளக்கம்.

மூன்றாவது வினா: உலகெங்கும் பல மொழிகளில் ஒரே நேரத்தில் எழும் வேண்டுதல்களை ஒரு மனிதர் எவ்வாறு அறிவார்? எங்கும் நிறைந்திருத்தலும் எல்லாம் அறிதலும் புனிதரின் இயல்பு அல்ல. இறைவனைக் காணும் பேற்றில் இருப்பவர், தம்மைச் சார்ந்தவற்றை இறைவனிலேயே காண்கிறார் என்பது அக்குவினாரின் விடை. அறிவிப்பவரும் கடவுளே; அதற்குச் செவிசாய்ப்பவரும் கடவுளே.

நான்காவது வினா, இறந்தோரோடு தொடர்பு கொள்வதற்கு இணைச்சட்டம் 18 விதிக்கும் தடையைப் பற்றியது. ஆவிகளை அழைத்து மறைவான செய்திகளை அறிய முயல்வதை அந்நூல் தடுக்கிறது. அந்தத் தடையைத் திருஅவையும் கடைப்பிடிக்கிறது. புனிதரை நோக்கிய வேண்டுதல் எந்தச் செய்தியையும் எதிர்பார்ப்பதில்லை. குறி கேட்பதும் இல்லை.

புனிதரென அறிவிக்கப்படும் முறை

தொடக்கத்தில் மக்களின் பக்தியும் தல ஆயரின் ஒப்புதலும் போதுமானவையாக இருந்தன. 993இல் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கைத் திருத்தந்தை 15ஆம் யோவான் புனிதராக அறிவித்தார். திருத்தந்தை ஒருவர் முறைப்படி செய்ததாக அறியப்படும் முதல் அறிவிப்பு இது. 1234இல் 9ஆம் கிரகோரியின் சட்டத் தொகுப்பு இந்த உரிமையைத் திருத்தந்தைக்கு மட்டும் உரியதாக்கியது. 1588இல் இதற்கென உரோமையில் ஒரு பேராயம் அமைந்தது. இன்றைய நடைமுறை 1983இல் இரண்டாம் யோவான் பவுல் வகுத்தது.

வழக்கமாக, ஒருவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் மறைமாவட்ட ஆயர் விசாரணையைத் தொடங்குவார். அவருடைய எழுத்துகள் ஆராயப்படும், சாட்சியங்கள் பதிவாகும். பின்னர் வழக்கு உரோமைக்குச் செல்லும். நற்பண்புகளை வீரத்துக்குரிய அளவில் வாழ்ந்தார் என்று தெளிந்தால், அவர் வணக்கத்துக்குரியவர் எனப்படுவார். அவருடைய பரிந்துரையால் ஒரு புதுமை நிகழ்ந்தது உறுதியானால் அருளாளர் நிலையும், அதன்பின் மற்றொரு புதுமை உறுதியானால் புனிதர் நிலையும் வழங்கப்படும். மறைச்சாட்சிக்கு அருளாளர் நிலைக்குப் புதுமை தேவையில்லை. பிறர்மீது கொண்ட அன்பால் உயிரைக் கையளித்தோருக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் இன்னொரு வழியைத் திறந்தார்.

புதுமையை ஆராயும் முறை பரிந்துரைக் கொள்கையை அப்படியே எடுத்துக்காட்டுகிறது. நோய் நீங்கியதற்கு இன்றைய மருத்துவ அறிவில் விளக்கம் உண்டா என்பதை மட்டும் மருத்துவர் குழு கூறும். 2016ஆம் ஆண்டின் விதிப்படி, ஏழு பேர் கொண்ட குழுவில் குறைந்தது ஐந்து பேர் விளக்கம் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த நலம் இன்னாரிடம் பரிந்துரை கேட்டதன் பயனா என்பதை இறையியலாளர் ஆராய்வர். செயல் கடவுளுடையது, வேண்டியவர் இறையடியார், அவர் விண்ணகத்தில் இருக்கிறார் என்பதற்குக் கடவுளே தரும் சான்றாகப் புதுமை கொள்ளப்படுகிறது.

குமரி மண்ணின் தேவசகாயம் வழக்கு இந்நடைமுறைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தவர். டச்சுப் படைத்தலைவராக வந்து மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்த டிலனாயின் தொடர்பால் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் அனைவரோடும் பழகினார். 1749இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மக்கள் அன்றுமுதல் அந்தக் கல்லறைக்கு வந்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது, மறைச்சாட்சி என்பதால் புதுமை தேவைப்படவில்லை. இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு கருக்குழந்தை, தாய் அவரிடம் பரிந்துரை வேண்டியபின் உயிரோடிருப்பது தெரியவந்த நிகழ்வு பின்னர் ஆராயப்பட்டு, 2020இல் ஏற்கப்பட்டது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதரானார். இந்திய இல்லறத்தாரில் இந்நிலை பெற்ற முதல்வர் இவர். ஒருவரைப் புனிதராக்குவது கடவுளின் அருள். அதை அறிந்து உலகுக்குச் சொல்வதே திருஅவையின் அறிவிப்பு. அறிவிக்கப்படாத எண்ணற்ற புனிதரையும் நவம்பர் 1 அன்று திருஅவை கொண்டாடுகிறது.

தமிழ் மண்ணில் பக்தி நடைமுறைகள்

தமிழகத்திலும் ஈழத்திலும் புனிதர் வணக்கம் ஊர் வாழ்வோடு கலந்திருக்கிறது. ஓரியூரில் 1693இல் தலைவெட்டப்பட்ட அருளானந்தர், முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த சவேரியார், ஈழத்தில் மறைந்து வாழ்ந்து சிதறிய சபையைத் திரட்டிய யோசேப் வாஸ் ஆகியோர் இம்மண்ணில் உழைத்த புனிதர்கள். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் காப்பியமே இயற்றினார். கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, நேர்ச்சை, அசனம் ஆகியவை வழிபாட்டோடு ஊர்க்கூடலையும் தருகின்றன. கச்சத்தீவு அந்தோணியார் விழா பாக்கு நீரிணையின் இரு கரை மீனவரையும் ஒன்றாக மன்றாட வைக்கிறது. வேளாங்கண்ணிக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் வருகின்றனர்.

இந்த வளத்துக்குள் சில ஆபத்துகளும் உண்டு. நேர்ச்சை நன்றிக்கடனாக அமையாமல் பேரமாக மாறினால், வேண்டுதல் கொடுக்கல் வாங்கலாகிவிடும். சிலையிலேயே ஆற்றல் தங்கியிருப்பதாக எண்ணினால், நீசேயா வகுத்த எல்லை மீறப்படும். புனிதர் விழாவுக்குத் திரள்வோர் ஞாயிறு திருப்பலியைப் புறக்கணித்தால், வழி இலக்கை மறைத்துவிடும். தேர் செல்லும் தெருவிலும் முதல் மரியாதையிலும் சாதி நுழைந்தால், விழா அந்தப் புனிதரின் வாழ்வுக்கே எதிராகிறது. தேவசகாயத்தின் பெயரால் கூடுவோர் இதை மறக்கலாகாது. திருப்பண்டங்களை விற்பதைத் திருஅவைச் சட்டம் இன்றும் தடுக்கிறது. ஆண்டவரின் மீட்பு நிகழ்வுகளைக் கொண்டாடும் நாள்களுக்கே முதன்மை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வலியுறுத்தியதால், 1969இல் புனிதர் நாள்காட்டி திருத்தப்பட்டது. 2001இல் வெளியான மக்கள் பக்தி பற்றிய வழிகாட்டி ஏடும் இதே திசையில் நடைமுறைகளை ஒழுங்குபடுத்துகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் புனிதரிடமிருந்து மூன்று நன்மைகளைத் தேடச் சொல்கிறது: அவர்களுடைய வாழ்வில் முன்மாதிரி, அவர்களோடு உறவு, அவர்களுடைய பரிந்துரையில் துணை. இம்மூன்றும் பிரிக்க முடியாதவை. முன்மாதிரியை விட்டுவிட்டுப் பரிந்துரையை மட்டும் நாடுவது குறைபட்ட பக்தி. வெளிச்சடங்குகளின் எண்ணிக்கையைவிடச் செயலில் வெளிப்படும் அன்பின் ஆழமே உண்மையான புனிதர் வணக்கம் என்று அச்சங்கம் கற்பிக்கிறது. தூய வாழ்வுக்கான அழைப்பு குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதன்று, திருமுழுக்குப் பெற்ற அனைவருக்கும் உரியது என்பதும் அதன் போதனை. புனிதரை வணங்குவோர் அனைவரும் அவர் சென்ற அதே வழிக்கு அழைக்கப்பட்டவர்களே.